சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சின்னக் கட்டி: பாரிசவாதம் வந்த வீட்டார் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மருத்துவ வாட்டிலும் பிறகு கிளினிக்கிலுமாகத் தாதியாக வேலை செய்து வருகிறேன். பாரிசவாதம் வந்து படுத்திருப்பவரின் கட்டிலருகே நிற்கும் பிள்ளைகளும் மருமக்களும் கேட்கும் கேள்விகளில் சில திரும்பத் திரும்ப வரும். "வேறு வருத்தத்துக்கு எடுத்த ஸ்கானில் சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி இருக்கிறதாம். அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கோ மிஸ்?" என்பது அதில் ஒன்று. வாட்டில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. என் அம்மாவின் விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க நானே பிந்திவிட்டேன். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

எந்தக் குளிசை, எந்தச் சோதனை என்பதை உங்கள் வீட்டாரைப் பார்க்கும் வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கே இந்தப் பக்கம்.

ஸ்கான் அறிக்கையில் 'அட்ரீனல் நொடியூல்' என்று இருக்கிறது. அது என்ன?

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி வைத்ததுபோல் ஒரு சின்னச் சுரப்பி உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதிரீனல் சுரப்பி என்று படித்திருப்பீர்கள். நிறை நாலைந்து கிராம்தான். நொடியூல் என்றால் சின்னக் கட்டி. வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கானில் தற்செயலாக அகப்படும் கட்டி 1 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் அதை 'இன்சிடென்டலோமா' என்று எழுதுவார்கள். தேடாமல் கண்டது என்று அர்த்தம். கல்லு வருத்தத்துக்கு வயிற்று ஸ்கான் எடுத்தவருக்கு அகப்படும். நெஞ்சு ஸ்கானின் கடைசிப் படங்களில் இந்தச் சுரப்பியும் விழும் என்பதால் அதிலும் அகப்படும்.

இது அபூர்வம் இல்லை. வயிற்று சீ.ரி. ஸ்கான் எடுக்கும் பெரியவர்களில் 100க்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு இருக்கும். 70 வயதைக் கடந்தவர்களில் அது ஏறக்குறைய 10 பேர் வரை போகும். இளவயதில் மிகக் குறைவு.

இது சிறுநீரகத்தில் வந்த கட்டி இல்லை. கிட்னி பழுதாகிவிட்டது என்ற அர்த்தமும் இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், "கிட்னியில கட்டி" என்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே வாட்டு வாசலில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன்.

கான்சரோ?

பெரும்பாலும் இல்லை. வேறு எங்கும் புற்றுநோய் இல்லாத ஒருவருக்குத் தற்செயலாகத் தெரியும் அதிரீனல் கட்டிகளில் மிகப் பெரும்பான்மை 'அடினோமா' எனப்படும் தீங்கற்ற கட்டிதான். நுரையீரல், மார்பகம் போன்ற இடத்தில் ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் அது அங்கிருந்து பரவியதா என்று கூடுதலாகப் பார்ப்பார்கள்.

இதற்கு ஸ்கானிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது. மருந்து ஏற்றாமல் எடுத்த சீ.ரி. ஸ்கானில் கட்டியின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் அளப்பார்கள். அந்த அளவில் தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு 0க்குக் கீழே. அதிரீனல் சுரப்பியின் வெளிப்பகுதி ஓமோன் செய்வதற்காகக் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. அந்தப் பகுதியில் வளர்ந்த தீங்கற்ற கட்டியிலும் பெரும்பாலும் அந்தக் கொழுப்பு இருக்கும், அதனால் அடர்த்தி குறையும். கட்டி முழுவதும் ஒரே சீராகவும் அலகு 10 அல்லது அதற்குக் கீழாகவும் இருந்தால் அது தீங்கற்றது. ஐரோப்பிய அகஞ்சுரப்பியல் வைத்தியர்கள் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, அப்படிப்பட்ட கட்டிக்கு அளவு எதுவானாலும் திரும்பத் திரும்ப ஸ்கான் தேவையில்லை. அளவு 4 சென்ரிமீற்றருக்கு மேலாக இருந்து, அதோடு அலகு 20க்கு மேல் அல்லது உள்ளே சீரில்லை என்றால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் பிந்தாமல் போக வேண்டும். இடைப்பட்டவற்றுக்கு இன்னொரு வகை ஸ்கான், அல்லது 6 முதல் 12 மாதம் கழித்து மறுபடி ஒன்று.

"கான்சர் இல்லை" என்று கேட்டவுடன் எல்லாரும் எழும்பிப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போனேன். கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி அங்கேயே கிடக்கிறது: இந்தக் கட்டி ஓமோன் சுரக்கிறதா?

வயிற்றுக்குள் கிடக்கும் கட்டிக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

கட்டி அங்கேயே கிடக்கும். அது சுரப்பது இரத்தத்தோடு எல்லா இடமும் போகும். மூன்று ஓமோன்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது அல்டோஸ்டெரோன். உடம்பில் உப்பைப் பிடித்து வைத்து, பொற்றாசியத்தைச் சிறுநீரோடு வெளியே விடுவது இதன் வேலை. அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் உப்பும் அதோடு தண்ணீரும் தேங்கிப் பிறசர் ஏறும். இதை 1950களில் முதலில் விவரித்தவர் அமெரிக்க வைத்தியர் ஜெரோம் கோன். அதனால் கோன் நோய் என்றும் சொல்வார்கள். பிறசர் ஏறுவதோடு இது நிற்பதில்லை. அல்டோஸ்டெரோன் இரத்தக் குழாய்ச் சுவரை இறுக்குகிறது, இதயத் தசையில் தழும்பு உண்டாக்குகிறது, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்குகிறது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தில் இரத்தம் உறைந்து, அந்த உறைந்த இரத்தம் மூளைக்குப் போய் அடைப்பது பாரிசவாதத்துக்கு ஒரு பெரிய காரணம். 2018இல் 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கில், சாதாரண உயர் குருதி அமுக்கம் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் அல்டோஸ்டெரோன் மிகையாக உள்ளவர்களுக்குப் பாரிசவாத வாய்ப்பு ஏறக்குறைய 2.6 மடங்கும், தாறுமாறான இதயத் துடிப்பின் வாய்ப்பு 3.5 மடங்கும் இருந்தது. ஒப்பிடப்பட்ட மற்றவர்களும் பிறசர் உள்ளவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது கோர்ட்டிசோல். முகம் உருண்டு, தோல் மெலிந்து, வயிற்றில் ஊதா வரி விழுந்து வெளியே தெரிகிற வகை ஒன்று உண்டு. தற்செயலாக அகப்படும் கட்டிகளில் அடிக்கடி காண்பது அதுவல்ல. வெளியே ஒன்றுமே தெரியாமல், இரவில் ஓய வேண்டிய கோர்ட்டிசோல் ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் வகை. சீனி வருத்தம், பிறசர், கொழுப்பு, எலும்புத் தேய்வு, இரத்தம் உறையும் தன்மை எல்லாவற்றையும் அது ஒரு படி ஏற்றிவிடும். பல நாடுகளில் 3,656 பேரைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், இப்படிக் கசியும் கட்டி உள்ளவர்களுக்கு இறப்பு வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. 65 வயதுக்குட்பட்ட பெண்களில் அது இன்னும் கூடுதல்.

மூன்றாவது அதிரினலின் வகை. சுரப்பியின் உட்பகுதியில் வரும் ஃபியோகுரோமோசைற்றோமா என்ற கட்டி இதைத் திடீர் திடீரென்று கொட்டும். தலையிடி, வியர்வை, நெஞ்சுப் படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து போகும். அந்த நேரத்தில் பிறசர் மூளைக் குழாய் வெடிக்கிற அளவுக்குப் போகலாம். இதயம் அதிர்ச்சியில் ஓய்ந்து, உள்ளே இரத்தம் உறைந்து மூளைக்குப் போவதும் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தவறவிடக் கூடாத கட்டி இது.

அம்மாவுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகப் பிறசர். ஒரு குளிசையில் தொடங்கி நாலில் வந்து நின்றது. கால் பிடிப்பு என்று இரவில் எழும்பி இருப்பார். வயதாகிவிட்டது என்று எண்ணெய் தேய்த்து விடுவேன்.

ஒரு முறை இடுப்பு நோவுக்கு ஸ்கான் எடுத்தோம். கல்லு இல்லை என்றார்கள். நிம்மதியாக அறிக்கையை நாலாக மடித்து கிளினிக் கொப்பிக்குள் வைத்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, அம்மா திருவலையில் குந்தித் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். பாதித் தேங்காய் கையிலிருந்து நழுவி நிலத்தில் உருண்டது. எடுக்கக் கையை நீட்டினார், கை போகவில்லை. என்னைக் கூப்பிட்ட குரல் குழறியது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிறசர் 210க்கு 120. பொற்றாசியம் 2.8. அது 3.5க்குக் கீழே போகக் கூடாது. அந்த எண்ணைப் பார்த்த டொக்டர் ஒருவர்தான், "பழைய ஸ்கான் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். வீட்டுக்கு ஓடிப்போய், மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அந்தத் தாளைக் கொண்டுவந்தேன். மூன்றாம் பந்தியில் ஒரே ஒரு வரி. இடது அதிரீனல் சுரப்பியில் 1.7 சென்ரிமீற்றர் கட்டி, அடர்த்தி 6.

அந்த வரியை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் வாசிக்கவில்லை. இருபது வருடம் வாட்டில் நின்றவள் நான்.

அறிக்கை முழுக்க ஆங்கிலம். எங்களுக்கு எப்படிப் புரியும்?

நியாயமான கேள்வி. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த டொக்டர் சாமுவேல் கிறீன், மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் படிப்பித்த ஊர் இது. இன்றைக்கும் நம் கைக்கு வரும் ஸ்கான் அறிக்கையில் ஒரு தமிழ்ச் சொல் இல்லை. நோயாளிக்குத் தமிழில் இரண்டு வரியாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அது வரும்வரைக்கும், அறிக்கையைத் தருபவரிடம் "நான் எடுக்க வந்த காரணத்தை விட வேறு ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும்.

மூளை ஸ்கான் எடுத்தபோதே இந்தக் கட்டி தெரிந்திருக்காதா?

தெரியாது. மூளை ஸ்கான் தலையை மட்டும்தான் எடுக்கும். வயிற்று அல்ட்ராசவுண்டிலும் சின்ன அதிரீனல் கட்டிகள், அதுவும் இடப்பக்கம், பல நேரம் தப்பிவிடும்.

பாரிசவாதம் வந்தவர் தேறுவதை இந்தக் கட்டி பாதிக்குமா?

இதைத்தான் கூடுதலான பேர் கேட்கிறார்கள். சுரக்காத கட்டி என்றால் தேறுவதை அது தன்பாட்டில் தடுக்காது. சுரக்கும் கட்டி பல வழியில் குறுக்கே நிற்கும்.

முதல் மணித்தியாலங்களிலேயே தொடங்குகிறது. இரத்தம் உறைந்து வந்த பாரிசவாதத்தில், உறைந்ததைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். பிறசர் 185க்கு 110இற்குக் கீழே வந்தால்தான் போடலாம், இல்லாவிட்டால் மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து. அல்டோஸ்டெரோன் ஏற்றிவிட்ட பிறசர் லேசில் இறங்காது. அம்மாவுக்குப் பிறசரை இறக்கி முடித்தபோது நேரம் கடந்துவிட்டது. அந்த ஊசி போட்டிருந்தால் கை முழுக்கத் திரும்பியிருக்கும் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தச் சுவர்மணிக்கூட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது சீனி. பாரிசவாதம் வந்த நேரத்தில் இரத்தச் சீனி உயர்ந்திருப்பவர்கள் தேறுவது பின்தங்கும். கோர்ட்டிசோல் மிகையானவருக்குச் சீனி இன்னும் ஏறும். விழுங்கக் கஷ்டப்பட்டு மூக்குக் குழாயில் சாப்பிடுகிறவருக்கு நெஞ்சில் கிருமி தொற்றும் பயம் ஏற்கெனவே இருக்கிறது. மிகையான கோர்ட்டிசோல் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். படுக்கையில் கிடக்கும் காலில் இரத்தம் உறைவதற்கும் அது துணைபோகும்.

பிறகு நடைப்பயிற்சி. கோர்ட்டிசோல் தொடைத் தசையையும் தோள் தசையையும் மெலியவைக்கிறது. கதிரையிலிருந்து எழும்புவதற்குத் தேவையான தசை அதுதான். இயன்மருத்துவர் எவ்வளவு பாடுபட்டாலும் எழும்பி நிற்க முடியாமல் தவிப்பவரைப் பார்த்தால், பாரிசவாதம் பிடிக்காத பக்கத்துக் காலும் சோர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பொற்றாசியம் மிகவும் குறைந்தாலும் இரண்டு காலும் சோரும். "மனத்தைரியம் இல்லை, அதுதான் எழும்புறாரில்லை" என்று நோயாளியைக் கடிந்துகொள்வதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். எலும்பும் தேய்ந்திருப்பதால், விழுந்தால் இடுப்பெலும்பு முறிய வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, மறுபடி வருவது. முதல் முறை தப்பியவருக்கு இரண்டாம் முறை வராமல் காப்பதில் பிறசரைக் கட்டுக்குள் வைப்பதுபோல் வேறொன்று இல்லை. காரணம் தெரியாமல் குளிசையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் அந்தப் பிறசர் அடங்காது.

அப்படியென்றால் எங்கள் அப்பாவின் பாரிசவாதத்துக்கு இந்தக் கட்டிதான் காரணமா?

அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். 70 வயதில் கட்டி இருப்பதும் சாதாரணம், பாரிசவாதம் வருவதும் சாதாரணம். இரண்டும் ஒருவருக்கே இருப்பதால் மட்டும் ஒன்று மற்றதைக் கொண்டுவந்ததாகாது. புகைத்தல், சீனி வருத்தம், கொழுப்பு, சாதாரணப் பிறசர், இவைதான் பெரும்பாலான வீடுகளில் காரணம். கட்டியைப் பழி சொல்லிவிட்டுச் சுருட்டைத் தொடர்ந்து பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

என்ன சோதனைகள்? எப்போது செய்ய வேண்டும்?

பாரிசவாதம் வந்த உடனே கோர்ட்டிசோலும் அதிரினலினும் பார்க்கிற சோதனை செய்தால் முடிவு குழப்பும். மூளை அடிபட்ட அதிர்ச்சியில் எல்லாருக்கும் இரண்டும் ஏறும். அதனால் உடம்பு நிலைக்கு வந்தபிறகு, சில வாரங்கள் கழித்துச் செய்வார்கள். பொற்றாசியம் மட்டும் முதல் நாளே பார்ப்பது.

கோர்ட்டிசோலுக்கு: இரவு 11 மணியளவில் டெக்சாமெதசோன் 1 மில்லிகிராம் போட்டுவிட்டு, அடுத்த நாள் காலை 8 அல்லது 9 மணிக்கு இரத்தம் கொடுப்பது. சரியான சுரப்பி என்றால் அந்தக் குளிசையைக் கண்டு சுரப்பை நிற்பாட்டும், கோர்ட்டிசோல் லீற்றருக்கு 50 நனோமோல் அல்லது அதற்குக் கீழே வரும். நிற்காவிட்டால் கட்டி தன்பாட்டில் சுரக்கிறது. பாரிசவாத வீட்டார் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. வலிப்புக்கு ஃபெனிடோயின் அல்லது காபமசெபின் போடுகிறவர்களுக்கு டெக்சாமெதசோன் உடம்பில் வேகமாகக் கரைந்துவிடும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். போடும் குளிசை எல்லாவற்றின் பெயரையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பிறசர் அல்லது குறைந்த பொற்றாசியம் உள்ளவர்களுக்கு அல்டோஸ்டெரோனையும், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனினையும் சேர்த்து அளப்பார்கள். பொற்றாசியம் சரியாக இருக்கிறது என்று இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது. அல்டோஸ்டெரோன் மிகையான பெரும்பாலானோருக்குப் பொற்றாசியம் சரியாகவே இருக்கும். அல்டோஸ்டெரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலக்டோன் குளிசையை ஏற்கெனவே போடுகிறவர் என்றால் வழமையாக நாலு வாரத்துக்குக் குறையாமல் நிற்பாட்டிவிட்டுத்தான் செய்வார்கள். லொசாட்டன், எனலாபிரில், அட்டெனலோல் போன்ற பிறசர் குளிசைகளும் முடிவை அங்கே இங்கே இழுக்கும். அம்லோடிபினும் பிராசோசினும் பெரிதாகக் குழப்பாது. ஆனால் பாரிசவாதம் வந்தவரின் பிறசர் குளிசையை வீட்டிலேயே நீங்கள் நிற்பாட்டக் கூடாது. தேவையென்றால் வைத்தியர் வேறொன்றுக்கு மாற்றிவிட்டுச் செய்வார்.

கட்டியின் அடர்த்தி 10க்கு மேல் என்றால் ஃபியோகுரோமோசைற்றோமாவுக்காக மெற்றாநெஃப்ரின் (அதிரினலின் உடைந்து வரும் பொருள்) சோதனை, இரத்தத்தில் அல்லது 24 மணித்தியாலச் சிறுநீரில். 10க்குக் கீழே என்றால் அது தேவையில்லை.

இவற்றை எல்லா ஆய்வுகூடத்திலும் செய்வதில்லை. எங்கே கொடுப்பது, வெறுவயிறா, மாதிரியை எப்படிக் கொண்டுபோவது என்று முன்கூட்டியே கேளுங்கள். சிறுநீரைச் சோடாப் போத்தலில் சேர்த்துக்கொண்டு வந்த ஒரு தாத்தாவைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. இரண்டு பஸ் மாறி வந்தவர்.

ஊசியால் குத்திச் சதைத் துண்டு எடுத்துப் பார்த்துவிடலாமே?

கூடாது, ஃபியோகுரோமோசைற்றோமா இல்லை என்று உறுதியாகும்வரை. அந்தக் கட்டியில் ஊசி குத்தினால் பிறசர் உயிராபத்தாக ஏறும். அப்படி இல்லையென்றாலும் இந்த வகைக் கட்டிகளில் துண்டு எடுக்க வேண்டிய தேவை அரிது.

கனடாவில் இருக்கும் தம்பி "உடனே வெட்டி எடுங்கோ, காசு அனுப்புறன்" என்கிறார். எடுப்பதா?

தம்பியின் அன்பு புரிகிறது. முதலில் சோதனை முடிவுகளை அவருக்கு அனுப்புங்கள், காசுக்கு அவசரமில்லை.

சுரக்காத, தீங்கற்ற கட்டியை எடுக்கத் தேவையில்லை. ஃபியோகுரோமோசைற்றோமாவை எடுக்க வேண்டும், ஆனால் அல்ஃபா வகைக் குளிசை கொடுத்துப் பிறசரைப் பல நாள் பக்குவப்படுத்திய பிறகு. அதற்கு முன்னால் பீற்றா வகைக் குளிசையை மட்டும் கொடுப்பது ஆபத்து. கோர்ட்டிசோல் கசியும் கட்டியை எடுப்பதா விடுவதா என்பது வயது, சீனி, பிறசர், எலும்பு எல்லாவற்றையும் வைத்து எடுக்கும் முடிவு. எடுத்தால், மற்றப் பக்கச் சுரப்பி விழித்தெழும்வரை ஸ்ரீரொயிட் குளிசை தேவைப்படலாம். அதைத் திடீரென்று நிற்பாட்டினால் உயிருக்கே ஆபத்து.

அல்டோஸ்டெரோன் கட்டியில்தான் நின்று யோசிக்க வேண்டும். ஸ்கானில் இடப்பக்கம் கட்டி தெரிந்தாலும், சுரப்பது இரண்டு பக்கமுமாக இருக்கலாம். வலப்பக்கம் மட்டுமாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு சுரப்பியின் நாளத்திலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுக்கும் சோதனை ஒன்று உண்டு. கைப்பழக்கம் வேண்டிய வேலை, எல்லா இடத்திலும் செய்வதில்லை. ஒரு பக்கம்தான் என்று உறுதியானால் எடுத்துவிடலாம். அப்படி எடுத்த 705 பேரின் முடிவுகளை 2017இல் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாருக்கும் ஓமோன் சரியானது. 100க்கு 37 பேருக்கு பிறசர் குளிசையே தேவைப்படவில்லை. மற்றவர்களில் பலருக்குக் குளிசை குறைந்தது.

சத்திரசிகிச்சை வேண்டாம், அல்லது முடியாது என்றால் ஸ்பைரோனோலக்டோன் இருக்கிறது. பழைய, மலிவான குளிசை. ஆண்களுக்கு மார்பு வீங்கி நோகலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால் எப்ளெரினோன் என்ற வேறொன்றுக்கு மாற்றலாம். அம்மா 71 வயதில் "வெட்ட வேண்டாம் பிள்ளை" என்றார். குளிசையில்தான் இருக்கிறார். நாலு பிறசர் குளிசை இரண்டாகக் குறைந்தது. கால் பிடிப்புப் போய்விட்டது.

சாப்பாட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

உப்பு. அல்டோஸ்டெரோன் குழாய்களையும் இதயத்தையும் பழுதாக்குவது உப்போடு சேர்ந்துதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் நாலும் ஒரே பகல் சாப்பாட்டில் இருந்தால் கறிக்கு உப்பே போடாவிட்டாலும் அளவு தாண்டிவிடும். முற்றாக விடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை ஊறவிட்டுப் பிழிந்து, புளியும் மிளகும் கூட்டி வைக்கிறோம், கிழமைக்கு ஒரு நாள். ஒடியல் கூழுக்கு மீனும் பயிற்றங்காயும் மரவள்ளியும் சுவை தருகிறதே, உப்பைக் குறைத்துப் பாருங்கள்.

இளநீர் பற்றி எச்சரிக்கை. பொற்றாசியம் குறைந்த காலத்தில் இளநீர் நல்லதுதான். ஆனால் ஸ்பைரோனோலக்டோன் தொடங்கிய பிறகு, அதோடு லொசாட்டன் அல்லது எனலாபிரிலும் சேர்ந்தால், பொற்றாசியம் மற்றப் பக்கமாக மிஞ்சி ஏறலாம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு இதயமே நின்றுபோகலாம். உள்ளே பொற்றாசியம் சேர்த்த 'சோடியம் குறைந்த உப்பு' பைக்கற்றும் அதே கதை. குளிசை தொடங்கிய முதல் வாரங்களில் இரத்தம் சோதிக்கச் சொன்னால் தவறவிடாதீர்கள்.

நாட்டு மருந்து எடுக்கலாமா?

இரண்டு விஷயம் மட்டும். இருமலுக்கு வாயில் போட்டு மெல்லும் அதிமதுரம், நாள்கணக்கில் கூடுதலாக எடுத்தால் அல்டோஸ்டெரோன் கட்டி செய்வதையே செய்யும்: பிறசர் ஏறும், பொற்றாசியம் இறங்கும். கட்டியே இல்லாதவருக்கும் அப்படித்தான். கசாயத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றது, முழங்கால் நோவுக்குப் பெயர் எழுதாத தூளும் குளிசையும். உடனே நோவு பறந்துவிட்டது, பசி எடுத்தது, முகம் தெளிந்தது என்றால் உள்ளே ஸ்ரீரொயிட் கலந்திருக்கலாம். கோர்ட்டிசோல் சோதனையை அது முழுதாகக் குழப்பும். பல மாதம் எடுத்திருந்தால் சட்டென்று விடாமல், டொக்டரிடம் தூளையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மறுபடி வந்தால் என்ன செய்வது?

வாய் ஒரு பக்கம் கோணினால், கை ஒன்று தாழ்ந்தால், பேச்சுக் குழறினால் அந்த நிமிடமே 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி இலவசம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி அது. தண்ணீர், தேத்தண்ணி, பிறசர் குளிசை, அஸ்பிரின் எதையும் வாயில் கொடுக்காதீர்கள். நெடுந்தீவுக்காரருக்குக் குறிகட்டுவான் வரவே படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். "கொஞ்சம் படுத்தால் சரிவரும்" என்று பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமே இல்லை.

பிள்ளைகளுக்கும் வருமா?

சாதாரண அடினோமா பெரும்பாலும் வழிவழியாக வருவதில்லை. ஃபியோகுரோமோசைற்றோமா மட்டும் வேறு. மூன்றில் ஒருவருக்காவது அது பரம்பரையாக வந்ததாக இருக்கும். அப்படி உறுதியானால் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்வார்கள்.

கிளினிக்கில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன கொண்டுபோவது?

ஸ்கான் அறிக்கையும் படமும், போடும் குளிசை எல்லாம் ஒரு பையில், வீட்டில் அளந்த பிறசர் ஒரு கிழமைக்கு. கேட்க வேண்டியவை: கட்டியின் அடர்த்தி எத்தனை? ஓமோன் சோதனைகளில் எது செய்தாயிற்று, எது மிச்சம்? அடுத்த ஸ்கான் தேவையா?

பிறகு, தெரிந்ததைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கிளினிக்கில் வைத்தியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கொப்பி மட்டும்தான் கூடவே வரும். அம்மாவின் கொப்பியில் நான் எழுதியிருப்பது இது:

இடது அதிரீனல் கட்டி 1.7 சென்ரிமீற்றர், அடர்த்தி 6. அல்டோஸ்டெரோன் மிகை. ஸ்பைரோனோலக்டோன் 25 மில்லிகிராம் காலையில். கடைசிப் பொற்றாசியம் 4.3. பாரிசவாதம், வலது கை. அதிமதுரம் கொடுக்கக் கூடாது.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. அம்மா பக்கத்தில் இருந்து, இதையும் எழுது என்று சொல்லி எழுதுவித்தது: கான்சர் இல்லை.